மதிப்பீடும் உறுதிமொழியும்: சிட்னி ஒப்பேரா மாளிகை ஓர் ஆய்வு
கட்டுமானப் பணிகளின் செலவையும் காலத்தையும் முன்கூட்டிக் கணிப்பதில் நேரும் பிழைகளுக்குச் சிட்னி ஒப்பேரா மாளிகை பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1957இல் டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோனின் வடிவம் தேர்வுபெற்றது. அன்றைய மதிப்பீடு 35 இலட்சம் பவுண்டு, அதாவது 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். நிறைவுக்குக் குறித்த காலம் 1963 சனவரி. மாளிகை திறக்கப்பட்டதோ 1973 அக்டோபர் 20ஆம் நாள், செலவு 10.2 கோடி டாலர். மதிப்பீட்டினும் இது பதினான்கு மடங்குக்கு மேலாகும்.

இதனைக் கணக்கரின் பிழை எனல் பொருந்தாது. அரசியல் ஆதரவு குன்றிவிடுமோ என அஞ்சிய மாநில முதல்வர் ஜோசப் காகில் விரைவுபடுத்தியமையால், வரைபடங்கள் முற்றுப்பெறுமுன்பே 1959 மார்ச்சில் பணி தொடங்கிற்று. கூரை வளைவுகளை எவ்வாறு கட்டுவது என்பது அப்போது எவர்க்கும் தெரியாது. அவை அனைத்தையும் ஒரே கோளத்தின் கூறுகளாக அமைக்கலாம் என்னும் தீர்வு பின்னரே கிட்டியது. அதற்குள் எழுப்பப்பெற்ற தூண்கள் கூரையின் எடையைத் தாங்கா எனக் கண்டு, அவற்றை மீண்டும் அமைக்க நேர்ந்தது.

செலவின் பெரும்பகுதியை அரசுப் பரிசுச்சீட்டு ஈடுசெய்தது. ஆயினும் அரசுடன் எழுந்த பூசலால் 1966இல் விலகிய உட்சோன், நிறைவுற்ற தம் படைப்பை இறுதிவரை நேரிற் கண்டிலர். வடிவம் தெளியாத பணிக்கு உரைத்த தொகை, உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டதன் விளைவு இது.