உரிமமில்லாக் குறைதிறன் வானொலி (அமெரிக்கா)

உரிமம் வாங்காமல், மிகக் குறைந்த திறனில் பண்பலையில் ஒலிபரப்பும் சிறு நிலையங்களை இப்பெயர் குறிக்கும். இவற்றை வெறும் சட்டமீறல் என்று ஒதுக்கிவிட முடியாது; அமெரிக்காவில் இம்மீறலுக்கு வழிகோலியதே விதிதான். 1978இல் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., 100 வாட்டுக்குக் குறைந்த நிலையங்களுக்குப் புதிய உரிமம் தருவதை ஏறக்குறைய நிறுத்தியது. இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், பார்வையற்றவரான எம்பானா கன்டாகோ 1987இல் அரசுக் குடியிருப்பிலிருந்த தம் வீட்டிலிருந்தே ஒரு வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கினார். ஒலி ஒரு மைல் போனால் அதிகம். ஆனால் அவர் யாரிடம் பேச நினைத்தாரோ அந்தக் கறுப்பின மக்கள் அந்த வட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். 1989இல் 750 டாலர் அபராதம் வந்தது, ஒலிபரப்பு ஓயவில்லை.

இத்தகைய நிலையங்களால் பிற ஒலிபரப்புகளுக்குக் குறுக்கீடு வரும் என்பதே முதன்மையான மறுப்பு. அது பொய்யல்ல: சரியாக வடிகட்டப்படாத கருவியின் அலை, 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள விமானப் போக்குவரத்து அலைவரிசைக்குள் கசியக்கூடும். ஆனால் கருவியைச் சோதிக்கத்தான் அது காரணமாகும், சிறியவரை அடியோடு விலக்குவதற்கு அல்ல. ஆணையமே 2000இல் 100 வாட் வரையிலான சேவைக்கு உரிமம் தர முன்வந்தது. பெரிய நிலையங்கள் கொதித்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதே ஆண்டு அதைச் சுருக்கியதோடு, முன்பு உரிமமின்றி ஒலிபரப்பியவர்கள் விண்ணப்பிக்கவும் தடை போட்டது. குறுக்கீட்டு அச்சம் மிகையானது என்று 2003இல் மைட்டர் நிறுவன ஆய்வு காட்டிய பிறகும், கட்டுப்பாடு தளர 2011 ஆயிற்று. அப்படியானால் நியூயார்க்கிலும் மயாமியிலும் மீறல் ஏன் தொடர்கிறது? அங்கே உரிமம் கேட்டாலும் கொடுக்கக் காலி அலைவரிசை அரிது. இருந்தும் 2020இல் இம்மீறலுக்கான உச்ச அபராதம் 20 லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது.