‘மிஸ், டைனோசர் புத்தகம் இருக்கா?’ – சிறுவர் நூலகர் ஒருவரின் வேலையும் கவலையும்

பாடசாலை விட்டு அரை மணித்தியாலத்தில் கொட்டாஞ்சேனை வீதிகளில் வான்களும் முச்சக்கரவண்டிகளும் நகர முடியாமல் நிற்கும். அந்த நெரிசலுக்குள்ளால் நடந்து வரும் பிள்ளைகள் சிலர் இரண்டு மணியளவில் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார்கள். வட கொழும்பில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் நான் வேலை செய்கிறேன். வீடு ஜெம்பட்டா வீதியை அண்டிய ஒரு ஒழுங்கையில். “நாள் முழுக்கப் புத்தகம் வாசிக்கலாம், குடுத்து வைச்ச வேலை” என்று கோயிலில் காண்பவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் வேலை நேரத்தில் நான் ஒரு பக்கம்கூட ஒழுங்காக வாசிப்பதில்லை. வாசித்துப் பார்க்க வேண்டிய புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில்தான் வாசிக்கிறேன்.

சிறுவர் நூலகர் என்ன செய்கிறார் என்பது நூலகத்துக்கு வரும் பெற்றோருக்கே பெரும்பாலும் தெரியாது. தெரியாததால் எதைக் கேட்கலாம் என்பதும் தெரியாது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

சிறுவருக்கு ஏன் தனிப் பகுதி?

இலங்கையில் பொது நூலகங்களை நடத்துவது மாநகர சபைகளும் நகர சபைகளும் பிரதேச சபைகளும். தலைநகரின் கொழும்பு பொது நூலகம், 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கொழும்பு நூலகமும் புறக்கோட்டை நூலகமும் இணைந்து 1925இல் உருவானது. விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகிலுள்ள இன்றைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி 1959இல் பெருங்கட்டடமாக நிமிர்ந்தது. 1981 மே 31 நள்ளிரவைத் தாண்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கே அழிந்தன. அரிய ஏடுகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அன்று தங்கள் நூலகத்தையும் இழந்தார்கள் என்பதைப் பேசியது குறைவு.

யாழ். நூலகத்துக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் ஒருவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் 1931இல் வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றுள் இரண்டு. சிறுவர் பகுதி தனியாக இருப்பதற்கான காரணம் இந்த இரண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குரிய நூல் பெரியவர்களின் ஆறடி இறாக்கையில் இருந்தால் அந்த விதி அங்கேயே முறிந்துவிடும். ஆகவேதான் தாழ்ந்த இறாக்கை, முகப்பு தெரியும்படி அடுக்கிய படக்கதைகள், நிலத்தில் பாய். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவருக்கென்று ஒரு பெரிய தளப்பகுதியே இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு அறையும் இரண்டு மின்விசிறிகளும். ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

காலையில் நடப்பவை

பிள்ளைகள் வராத காலை நேரமே வேலை கூடிய நேரம். முதலில் திரும்பி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ரொபி உறை, பஸ் டிக்கெட், ஒருமுறை ஒரு பால்பல்லும் இருந்தது. கிழிந்தவை ஒரு பக்கம், எழுதப்பட்டவை இன்னொரு பக்கம்.

கிழிந்த தாளுக்கு வீட்டில் எல்லோரும் செலோடேப் ஒட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சில வருடங்களில் அது மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் இறங்கி, தாளையே தின்றுவிடும். அரிசிமாப் பசையும் கூடாது, அது கரப்பானையும் இராமபாணப் பூச்சியையும் விருந்துக்கு அழைக்கும். மெல்லிய தாளை வெட்டி, வெள்ளைப் பசையைக் கொஞ்சமாகத் தடவி ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் விடுவோம். கடலுக்குக் கிட்டவுள்ள கொழும்பின் ஈரக்காற்றில் புத்தகம் கெதியில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் இறாக்கைகளைச் சுவரோடு ஒட்டி வைப்பதில்லை.

அடுத்தது பகுப்பு. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் இங்கும் பின்பற்றுகிறோம். நாட்டார் கதைகள் 398.2, தமிழ் இலக்கியம் 894.811, சிங்கள இலக்கியம் 891.48, விலங்குகள் 590. பிள்ளைகளுக்கு இந்த எண்கள் எதுவும் வேண்டாம். அதனால் புத்தக முதுகில் நிறப்பட்டி ஒட்டுகிறோம்: பச்சை என்றால் விலங்கு, நீலம் என்றால் கதை. ஆனால் 567.9 எங்கே என்று கேட்டால் மூன்றாம் தரப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு போய் எடுப்பார்கள். அது டைனோசர்களின் இடம்.

பிற்பகலில் நடப்பவை

பிள்ளை கேட்பதும் பிள்ளைக்கு வேண்டியதும் பல நேரம் ஒன்றல்ல. “மிஸ், அந்தச் சிவப்புப் புத்தகம்” என்பார்கள். “போனமுறை யார் எடுத்தது? அதில என்ன மிருகம் வந்தது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெட்கப்படும் பிள்ளையிடம் கேள்வி கேட்டால் ஓடிவிடும். அப்படியானவர்களுக்கு நாலு புத்தகத்தை மேசையில் பரப்பிவிட்டு நான் வேறு வேலை பார்ப்பதுபோல் இருப்பேன். எதைத் தொடுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

வாரத்தில் ஒரு நாள் கதை நேரம். இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தால் சின்னவர்கள் பாயை உரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், ஒழுங்கையில் சிங்களமும், சிலர் பாடசாலையில் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். தமிழில் கதை சொல்லும்போதே யாராவது ஒருவர் பக்கத்துப் பிள்ளைக்குச் சிங்களத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அதைத் தடுப்பதில்லை. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கதையை இரண்டு மடங்கு கவனமாகக் கேட்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த பின் பல கிழமைகளாகப் பிள்ளைகள் வரவில்லை. திரும்பி வந்தபோது புதிய புத்தகங்களைக் காட்டினேன். ஒருவரும் தொடவில்லை. ஏற்கெனவே பத்துமுறை வாசித்த பழைய படக்கதைகளையே கேட்டார்கள். முடிவு தெரிந்த கதை அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து, பழையதையே திரும்பத் திரும்ப எடுக்கும் பிள்ளையை நான் கண்டிப்பதில்லை. பெற்றோரும் கண்டிக்க வேண்டாம்.

தமிழ்ப் புத்தகம் எங்கே?

என் முதல் கவலை இது. எட்டு வயதுப் பிள்ளை தானாக வாசிக்கக்கூடிய, பெரிய எழுத்தில், நல்ல படங்களோடு, இந்த நாட்டு வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் கிடைப்பது கடினம். சென்னையிலிருந்து வரும் நூல்கள் அழகானவை. ஆனால் ‘நாற்காலி’ என்றால் என்ன என்று பிள்ளை கேட்கும், அதற்குத் தெரிந்தது கதிரை. நோட்டு என்றால் அதற்குக் காசு, எழுதுவது கொப்பியில். இது பெரிய தடை அல்ல, இரண்டு சொல்லையும் பழகட்டும். ஆனால் தன்னுடைய சொல் அச்சில் ஒருபோதும் வராத பிள்ளை, தன் தமிழ் பிழையான தமிழ் என்று நினைத்துவிடும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்காக எழுதிய பாடல்கள் தலைமுறைகளாக நிற்பதற்கு, அவை பிள்ளை காணும் உலகத்தைப் பாடியதும் ஒரு காரணம்.

2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் பரீட்சைகளே தள்ளிப்போயின. அப்போது ஏறிய புத்தக விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகளைத் திறந்த உரிமத்தில் இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணைய நூலகம் இருக்கிறது.

ஐந்தாம் தரத்தின் நிழல்

இரண்டாவது கவலை புலமைப்பரிசில் பரீட்சை. நான்காம் தரம் தொடங்கியதும் வாசகர்கள் மறைந்துவிடுவார்கள். பாடசாலை முடிய டியூஷன், டியூஷன் முடிய வினாத்தாள். வந்தாலும் கடந்தகால வினாத்தாள் தொகுப்பைத்தான் கேட்பார்கள். “கதைப் புத்தகம் குடுக்காதீங்கோ மிஸ், பரீட்சை முடியட்டும்” என்று ஒரு தாய் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். பரீட்சை முடிந்து திரும்பி வருபவர்கள் குறைவு. வாசிப்புப் பழக்கம் ஊன்ற வேண்டிய வயது அதற்குள் கடந்துபோயிருக்கும்.

வினாவை விளங்கி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு விடை தெரிந்தும் பயனில்லை. அதனால் வினாத்தாள் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மெல்லிய கதைப் புத்தகம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கிறேன். வாசித்தால் வாசிக்கட்டும்.

ஒரு கடிதம்

மூன்றாவது கவலை என் சொந்தப் பிழையிலிருந்து வந்தது. கிழமைக்கு இரண்டுமுறை வரும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி திடீரென்று நின்றுவிட்டாள். எடுத்த புத்தகம் திரும்பவில்லை. வழமைபோல் நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன். அச்சடித்த படிவம், சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொன்னாலும், மேசை லாச்சிக்குள் இருந்தது அந்தப் படிவம்தான். நானும் யோசிக்காமல் பெயரை நிரப்பி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து மாரியம்மன் கோயிலடியில் தாயைக் கண்டேன். மலையகத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருக்கும் குடும்பம். தம்பியின் தண்ணீர்ப் போத்தல் புத்தகப் பைக்குள் கவிழ்ந்து புத்தகம் ஊறிப்போயிருக்கிறது. கடிதத்தை வாசிக்கத் தெரியாத தாய், முத்திரையைப் பார்த்துவிட்டு வழக்குப் போடப் போகிறார்கள் என்று பயந்து பிள்ளையை மறித்துவிட்டார். “இனி அந்தப் பக்கம் போகாத எண்டு சொல்லிப்போட்டன் மிஸ்” என்றார். அந்தப் புத்தகத்தின் விலை, அவர் பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிவிடும் முச்சக்கரவண்டிக் காசைவிடக் குறைவு.

அடுத்த நாளே தமிழில் ஒரு கடிதம் தயாரித்தேன். நாலு வரிதான்: புத்தகம் பழுதானால் பயப்பட வேண்டாம், அதையே கொண்டு வாருங்கள், பேசித் தீர்க்கலாம். மேலதிகாரியிடம் அனுமதி வாங்க இரண்டு மாதம் எடுத்தது.

சிக்காகோ பொது நூலகம் 2019 ஒக்டோபரில் தாமதக் கட்டணத்தையே நீக்கியது. கட்டணத்துக்குப் பயந்து விலகுபவர்கள் நூலகம் அதிகம் தேவைப்படுபவர்களே என்பதுதான் அதற்கான வாதம். யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனமும் சேவை அடிப்படையில் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 17ஆவது உறுப்புரை, சிறுவர் நூல்களின் ஆக்கத்தையும் பரவலையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. வதிவிடச் சான்று, பிணையாள் ஒப்பம், குற்றப்பணம் என்று நாம் வைக்கும் ஒவ்வொரு படியும் நிலையான விலாசம் இல்லாத வாடகை வீட்டுப் பிள்ளைக்கே உயரமாகத் தெரிகிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தை

அங்கத்துவப் பத்திரம் இல்லாவிட்டாலும் உள்ளே இருந்து வாசிக்க முடியுமா என்று கேளுங்கள். வதிவிடச் சான்று சிக்கலென்றால் நூலகரிடம் நேரே சொல்லுங்கள், கிராம உத்தியோகத்தர் கடிதம் போதுமா என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளைக்கு வேண்டிய தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அடுத்த கொள்வனவுப் பட்டியல் போடும்போது எழுத்தில் இருக்கும் கோரிக்கையைத்தான் எங்களால் மேலே காட்ட முடியும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் மட்டும் வராமல், மழை பெய்யும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையும் வாருங்கள்.

நூலகர் பிள்ளைப் பராமரிப்பாளர் அல்ல, ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம். பிள்ளையை யார் கூட்டிச் செல்வார் என்று நாங்கள் கேட்டால் கோபிக்கவும் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ தீங்கு நடப்பதாகச் சந்தேகித்தால் எவரும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த இலக்கம் எங்கள் மேசையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். ஊறிக் காய்ந்து இரண்டு மடங்கு தடித்துப்போன புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வந்தாள். படங்கள் எல்லாம் தெரிந்தன. பாரம் வைத்து, முதுகை மாற்றி, அதே இறாக்கையில் வைத்திருக்கிறோம். அலை அலையாக நெளிந்த அந்தத் தாள்களைப் பார்த்து “இது கடலுக்குள்ள விழுந்த புத்தகமா மிஸ்?” என்று கேட்டுச் சின்னவர்கள் இப்போது அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.