பார்லி இல்லாத பீர்

பார்லி, கோதுமை, ரை ஆகிய மூன்று தானியங்களும் சேராமல், சோளம், பனிவரகு, அரிசி, பக்வீட், செஸ்ட்நட் போன்றவற்றிலிருந்து காய்ச்சப்படும் பீருக்குக் ‘குளூட்டன் இல்லாத பீர்’ என்று பெயர். மேற்கத்தியக் கடைகளில் இந்தப் பெயர் பரவலாகப் புழங்கத் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகளே ஆகின்றன. பெயர்தான் புதிது; சரக்கு பழையது. பார்லி விளையாத நிலங்களில் மக்கள் தங்கள் மண்ணில் விளைந்த தானியத்தையே ஊறவைத்துப் பீர் செய்துவந்தார்கள்.

கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுபட்டு நீளக் காரணமான புரதத் தொகுதியே குளூட்டன். அதற்கு உறவான புரதங்கள் பார்லியிலும் ரையிலும் உண்டு. பார்லியில் இருப்பதற்கு ஹார்டீன் என்று பெயர். சீலியாக் நோய் உள்ளவர்கள் இவற்றை உட்கொண்டால், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடல் தேய்ந்து, வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை, எடைக்குறைவு எனப் பல தொல்லைகள் தொடர்கின்றன. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. உணவிலிருந்து குளூட்டனை அறவே விலக்குவதுதான் சிகிச்சை. ரொட்டியோடு பார்லி பீரும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

மாவு இனிப்பாகும் வழிகள்

ஈஸ்ட் சர்க்கரையைத்தான் சாராயச் சத்தாக மாற்றும். மாவுச்சத்து அப்படியே இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே தானியத்தில் போதை ஏற வேண்டுமானால், முதலில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக உடைய வேண்டும். இதற்கு மூன்று வழிகள் பழங்காலம் தொட்டே தெரிந்திருந்தன. தானியத்தை முளைகட்டுவது ஒன்று. முளைக்கும் விதையில் சுரக்கும் நொதிகள் மாவை உடைக்கின்றன. முளைகட்டி உலர்த்திய தானியமே மால்ட். பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளர்ந்த வில்லைகளை வெந்த தானியத்தில் கலப்பது இரண்டாவது. தானியத்தை வாயில் மென்று உமிழ்நீரில் ஊறவிடுவது மூன்றாவது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஜியாஹு என்னும் இடத்தில் கிடைத்த சுமார் 9,000 ஆண்டுப் பழமையான பானைகளில், அரிசி, தேன், பழம் ஆகியவை கலந்து நொதித்த பானத்தின் படிவு இருந்ததை 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டிஸ் மலைநாடுகளில் மக்காச்சோளத்தை முளைகட்டியோ மென்றோ சிச்சா என்னும் பானம் செய்யப்பட்டது. கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் வேகவைத்த கேழ்வரகில் வில்லையைப் பொடித்துத் தூவிப் பதப்படுத்துகிறார்கள். அந்தக் கேழ்வரகைக் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுவதே தோங்பா. சாறு வற்ற வற்ற மேலும் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம்.

தானியத்தில் பீர் செய்ததற்குத் தமிழில் எழுத்துச் சான்றே இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் கள் உண்டாக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, அதில் அடையைக் கரைத்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவைத்து, பின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அந்த அடை முளைத்த நெல்லை இடித்துச் செய்தது என்பது உரைகாரர் விளக்கம். அப்படியானால் இது பனங்கள்ளோ தென்னங்கள்ளோ அன்று. நெல் மால்ட்டில் ஊறிய அரிசிப் பீர்.

பார்லி முந்திய கதை

இத்தனை தானியங்கள் இருந்தும் உலகச் சந்தையைப் பார்லி பிடித்ததற்கு அதன் உடலமைப்பே முதற்காரணம். முளைத்த பார்லியில் மாவை உடைக்கும் நொதிகள் மிகுதி. அதன் மாவு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகிவிடும். அந்தச் சூட்டில் நொதிகளும் உயிர்ப்போடு வேலை செய்யும். உமி மணியோடு ஒட்டியே இருப்பதால், ஊறலை வடிகட்டும்போது அதுவே சல்லடையாகப் பயன்படும். பீரின் மேல் நிற்கும் நுரைக்கு ஆதாரமும் பார்லியின் புரதங்களே.

சோளத்தில் இவை எல்லாம் மாறிப்போகின்றன. அதன் மாவு இளக 70 டிகிரிக்குக் கிட்டத்தட்ட, சில வகைகளில் அதற்கும் மேல், சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மால்ட்டின் நொதிகளில் பல விரைவில் செயலிழந்துவிடும். மணியில் உமி ஒட்டியிராததால் ஊறல் கூழாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சோள முளையில் சயனைடு வெளிவிடும் சேர்மம் இருப்பதால், உலர்த்தியபின் முளையையும் வேரையும் தேய்த்து நீக்கவும் வேண்டும்.

சட்டமும் பார்லிக்குத் துணை நின்றது. 1516 இல் பவேரியாவின் கோமக்கள் பிறப்பித்த ஆணை, பீருக்குப் பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமையும் ரையும் ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பாணி லேகர் பீர் உலகெங்கும் பரவியபோது, பார்லியே பீர் என்ற எண்ணமும் கூடவே பரவியது.

ஆப்பிரிக்காவின் சோளப் பீர்

ஆப்பிரிக்காவில் சோளப் பீர் என்றும் வழக்கொழியவில்லை. புர்கினா ஃபாசோவில் டோலோ, தென்னாப்பிரிக்காவில் உம்கோம்போதி எனப் பெயர்கள் பல. உம்கோம்போதிக்கு மக்காச்சோள மாவும் சோள மால்ட்டும் சேரும். முதலில் புளிக்கவிட்டு, பிறகு சமைத்து, மறுபடி மால்ட் சேர்த்து நொதிக்கவிடுவார்கள். நொதிப்பு அடங்குமுன்பே, கூழ்போலக் கலங்கலாக இருக்கும்போதே குடிப்பார்கள். புளிப்பு தூக்கலாகவும் போதை குறைவாகவும் இருக்கும். நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. காய்ச்சுவது பெண்களின் கைத்தொழில்; திருமணம், இறப்புச் சடங்கு, முன்னோர் வழிபாடு மூன்றிலும் அதற்கு இடமுண்டு.

பீர் விற்றுப் பெண்கள் ஈட்டிய வருமானத்தின்மீது காலனி அரசின் கண் விழுந்தது. 1908 இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி நிறைவேற்றிய சட்டம், ஆப்பிரிக்கர்களின் பீரைக் காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமையை நகராட்சிகளுக்கு வழங்கியது. டர்பன் நகராட்சி அடுத்த ஆண்டே பீர்க்கூடங்களைத் திறந்தது. வீட்டில் காய்ச்சிய பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். நகராட்சிக்குக் கிடைத்த லாபத்தில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை ஒதுக்கி அடக்கிவைக்கும் விடுதிகளும் நிர்வாகமும் நடந்தன. ‘டர்பன் முறை’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு மற்ற நகரங்களுக்கும் பரவியது. 1929 இல் டர்பனில் பீர்க்கூடப் புறக்கணிப்பு நடந்தது. 1959 இல் அந்நகரின் கேட்டோ மேனர் பகுதியில் பெண்கள் திரண்டு பீர்க்கூடங்களைத் தாக்கினார்கள். 1976 சொவேட்டோ எழுச்சியிலும் அவை எரிந்தன.

சோளம் ஆலைக்குள் புகுந்தது வேறொரு நெருக்கடியால். அந்நியச் செலாவணி வற்றிய நைஜீரியா, 1988 இல் பார்லி மால்ட் இறக்குமதிக்குத் தடை விதித்தது. பெரிய பீர் ஆலைகள் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாற நேர்ந்தது. நொதிக் குறையைத் தனியே தயாரித்த நொதிகளைச் சேர்த்து ஈடுகட்டினார்கள். சோளத்திலிருந்து தெளிந்த லேகரைப் பெருமளவில் காய்ச்ச முடியும் என்பது இதனால் உறுதியானது. 2002 இல் உகாண்டாவில் உள்ளூர்ச் சோளத்தில் காய்ச்சிய ஈகிள் லேகர் விற்பனைக்கு வந்தது. அங்கே நோக்கம் நோயாளியின் நலமன்று. விலைக்குறைவும் வரிச்சலுகையும் உள்ளூர் உழவருக்குச் சந்தையுமே.

மருத்துவம் தந்த சந்தை

சீலியாக் நோயின் அறிகுறிகளை லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888 இல் தெளிவாக விவரித்தார். குணம் உணவில்தான் இருக்கிறது என்றும் கணித்தார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. விடை கண்டவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் குழந்தைகள் தேறுவதை 1930களிலேயே அவர் கவனித்திருந்தார். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அருகியபோது அந்தக் கருத்து வலுப்பெற்றது. 1950 இல் அவர் அளித்த ஆய்வேடு கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தியது.

இரத்தப் பரிசோதனை எளிதானதும், 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளிகளின் எண்ணிக்கை தெரியவந்தது. அதன் பிறகே பீர் ஆலைகள் திரும்பிப் பார்த்தன. 2006 வாக்கில் அமெரிக்கச் சந்தையில் மூன்று பீர்கள் அடுத்தடுத்து இடம்பிடித்தன: சோள மால்ட்டில் செய்த பார்ட்ஸ் டேல், மில்வாக்கியின் லேக்ஃப்ரன்ட் ஆலை சோளமும் அரிசியும் கலந்து காய்ச்சிய நியூ கிரிஸ்ட், பெருநிறுவனமான ஆன்ஹைசர் புஷ்ஷின் ரெட்பிரிட்ஜ். பார்லி மால்ட் இல்லாத ஒன்றைப் பீர் என்று அழைக்கலாமா என்ற சிக்கல் அப்போது எழுந்தது. பார்லி மால்ட்டோ ஹாப்ஸோ சேராத பீரின் லேபிள், மதுத்துறை விதிகளுக்குப் பதிலாக உணவுத்துறை விதிகளுக்கு உட்படும் என்று 2008 இல் அமெரிக்க அரசு தீர்த்துவைத்தது.

கைவினை ஆலைகளின் சுவை

தொடக்ககாலப் பீர்கள் பலவும் சோளப் பாகைக் கரைத்துச் செய்தவை. குடித்தவர்கள் சொன்ன குறைகள் ஒரேமாதிரி இருந்தன: உடம்பில்லாமல் நீர்த்த பதம், ஊற்றிய நிமிடத்தில் அடங்கும் நுரை, பச்சை ஆப்பிள் போன்ற புளிப்பு, நாவில் தங்கும் உலோக வாடை. இந்தக் குறைகளைத் தீர்க்கும் முயற்சிதான் வழக்கத்துக்கு மாறான பொருள்களைக் கைவினை ஆலைகளுக்குள் கொண்டுவந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் ஹார்வெஸ்டர் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் கிரவுண்ட் பிரேக்கர் ஆன ஆலை, வறுத்த செஸ்ட்நட்டைப் பிடித்துக்கொண்டது. இளவறுப்பில் அது கொட்டைக்குரிய மென்மையான இனிப்பைத் தருகிறது; கருக வறுத்தால் காப்பியின் கசப்பும் கருநிறமும் வருகின்றன. அதே ஆலை பருப்பையும் வறுத்துச் சேர்த்தது. மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த அந்தப் பருப்பின் புரதம் நுரையைத் தாங்கி நிறுத்துகிறது. கனடாவின் மான்ட்ரியலில் குளூட்டன்பெர்க் ஆலை பனிவரகு, பக்வீட், கீன்வா ஆகியவற்றைக் கலந்தது. 2012 உலக பீர் கோப்பையில் குளூட்டன் இல்லாத பிரிவின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் அதற்கே கிடைத்தன. சியாட்டிலில் 2015 இல் திறந்த கோஸ்ட்ஃபிஷ் ஆலை பனிவரகு, பக்வீட், அரிசி மால்ட்களைக் கொண்டு காய்ச்சுகிறது. குளூட்டன் இல்லாத தானியத்தை மட்டுமே முளைகட்டும் மால்ட் நிலையங்கள் கொலராடோவிலும் கலிபோர்னியாவிலும் தோன்றியதால், பாகை நம்பியிருந்த காலம் முடிந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. பனிவரகு மால்ட் ரொட்டி மணத்தோடு லேசான இனிப்பைத் தரும். பார்லிக்கு மிக நெருங்கியது அதுவே. பெயரில் மட்டும் கோதுமையை ஒட்டிக்கொண்டிருக்கும் பக்வீட் உண்மையில் புல்லினத் தானியமே அன்று. அது மண்வாசனையும் கனமும் நுரையும் சேர்க்கும். அரிசி நாவில் எதையும் விட்டுவைக்காமல் துப்புரவாக இறங்கும். கீன்வாவின் மேற்தோலில் நுரைக்கும் கசப்புப் பொருள் இருப்பதால் நன்றாகக் கழுவாவிட்டால் பீரும் கசக்கும். சோளத்தின் புளிப்பை மறைக்க ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை, தேன், பழச்சாறு போன்றவை சேர்க்கப்படுகின்றன. ஆப்பிரிக்க ஊறலில் பெருமையாக இருந்த அதே புளிப்பு, லேகருக்குப் பழகிய நாவில் குறையாகிவிட்டது.

நீக்கியதும் இல்லாததும்

குறுக்குவழி ஒன்றும் இதே காலத்தில் வந்தது. பீர் குளிரும்போது கலங்காமல் இருக்கச் சேர்க்கப்பட்ட ஒரு நொதி, ஹார்டீனையும் துண்டாக்குவது தெரியவந்தது. ஸ்பெயினின் எஸ்ட்ரெல்லா டாம் 2006 இல் டௌராவையும், ஓரிகனின் ஒமிஷன் 2012 இல் தன் பீர்களையும், பார்லி மால்ட்டிலேயே காய்ச்சிக் குளூட்டனைக் குறைத்து வெளியிட்டன. சுவை வழக்கமான பீரைப்போலவே இருந்தது. சர்வதேச உணவுத் தரம் 2008 இல் வகுத்த வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்; இந்தப் பீர்கள் சோதனையில் அதற்குக் கீழேதான் நின்றன. ஆனால் நொதித்த பானத்தில் சிதறிக் கிடக்கும் புரதத் துண்டுகளைச் சோதனைகள் சரியாக அளக்கின்றனவா என்ற ஐயம் தீரவில்லை.

அமெரிக்க உணவுத்துறை 2020 ஆகஸ்டில் வெளியிட்ட விதி இந்த வேறுபாட்டைச் சட்டமாக்கியது. நொதித்த உணவுக்குக் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பெயர் வேண்டுமானால், அதன் மூலப்பொருள்கள் நொதிப்பதற்கு முன்பே அந்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும். பார்லியில் காய்ச்சிக் குளூட்டனை நீக்கிய பீருக்கு அங்கே அந்தப் பெயர் கிடையாது. சோளம், பனிவரகு, அரிசி ஆகியவற்றில் காய்ச்சிய பீருக்கு உண்டு.