சாங்ஷன் என்றொரு சொல்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றான். "தாத்தா, வீட்டு லோன் சாங்ஷன் ஆயிடுச்சு!" வாழ்த்தி அனுப்பிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன். ஆங்கிலச் செய்தியில் ஏதோ ஒரு நாட்டின் மீது புதிய சாங்ஷன் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சொல். இவனுக்கு வீடு கட்டப் பணம். அந்த நாட்டுக்கு வியாபாரத் தடை. வாயில் மைசூர்பாகு இருக்கும்போதே ஒரு பெரியவரின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு ஐந்து வயது. கொடி மாறியதே தவிர என் பள்ளிக்கூடம் மாறவில்லை; கடைசி வரை பிரெஞ்சு மீடியம்தான். அங்கே நான் முதலில் கற்ற சொற்களில் ஒன்று 'ஸாங்க்சியோன்'. வகுப்பில் பேசினால் ஸாங்க்சியோன். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஸாங்க்சியோன். மணி அடித்து எல்லோரும் வீட்டுக்கு ஓட, நாம் மட்டும் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை ஐம்பது முறை எழுத வேண்டும். தண்டனை என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்று எனக்குத் தெரியாது.

1971-இல் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். பேச்சு தமிழ், கோப்பு ஆங்கிலம், பழைய ஆவணமெல்லாம் பிரெஞ்சு. சேர்ந்த இரண்டாவது வாரம் பக்கத்து மேசைக்காரர், "என் பத்து நாள் லீவு சாங்ஷன் ஆயிடுச்சு" என்றார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அடடா, ஏன் சார், என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டேன். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த மாதம்தான் அந்தப் பெரியவர் விஷயம். பிரெஞ்சுக் காலத்திலேயே வேலைக்கு வந்த கடைநிலை ஊழியர். பிரெஞ்சு ஓரளவு படிப்பார், ஆங்கிலம் அறவே தெரியாது. மகள் கல்யாணத்துக்காகச் சேமநல நிதியிலிருந்து 1500 ரூபாய் முன்பணம் கேட்டிருந்தார். ஆணை வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் கொடுத்தவன் நான்தான். ஆங்கிலத்தில் சாங்ஷனும் பிரெஞ்சில் ஸாங்க்சியோனும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தாளின் தலைப்பில் அந்தச் சொல், கீழே அவர் பெயர், அதற்கும் கீழே 1500 ரூபாய். அவர் முகம் வெளுத்தது. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது, நண்பர்களே. அந்த அறையில் அது புரியக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஆனால் சத்தமாக விளக்கினால் என் பழைய கதையைக் கிளப்பி மறுபடி சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் கண்ணில் படவில்லை. பிறகு மறந்தே போனேன்.

ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகத் தேடிப் படித்தேன்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஸாங்கிரே' என்றால் மீற முடியாதபடி புனிதமாக்குவது. அதே குடும்பத்தில்தான் நம் 'செயிண்ட்' என்ற சொல்லும் பிறந்தது. ரோமானியச் சட்டத்தில், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு 'ஸாங்க்தியோ' என்று பெயர். ஜஸ்டீனியன் பேரரசர் 533-இல் வெளியிட்ட சட்டப் பாடநூல் நகர மதில்களை உதாரணம் காட்டுகிறது. மதிலுக்குக் கேடு செய்தவனுக்கு மரண தண்டனை. அதனாலேயே மதில் புனிதம் எனப்பட்டது. ஆக, ஒப்புதல் முத்திரையும் அதை மீறினால் விழும் அடியும் தொடக்கத்தில் ஒரே பொருளின் இரண்டு முனைகள்தான்.

பிறகு அரசர்கள் விடுக்கும் பெரிய சாசனத்துக்கே அது பெயராயிற்று. அப்படிப்பட்ட சாசனம் ஒன்று நம் ஊர் வரை வந்து குண்டு போட்டது. 1713-இல் வியன்னாவில் ஆறாம் சார்லஸ் பேரரசர், தனக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளே ஆளலாம் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். அதற்குப் 'பிராக்மாட்டிக் சாங்ஷன்' என்று பெயர். மகள் மரியா தெரேசா அப்போது பிறக்கக்கூட இல்லை! ஐரோப்பிய அரசுகள் பலவற்றிடம் சம்மதம் வாங்கி வைத்துவிட்டு 1740-இல் கண்ணை மூடினார். மூடிய இரண்டு மாதத்துக்குள் பிரஷ்ய மன்னர் சைலீஷியாவுக்குள் படையோடு புகுந்தார். பிரான்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்து மறுபக்கம். அந்தச் சண்டை கடல் தாண்டி 1746-இல் சென்னைக்கு வந்தது. லா பூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து ஊரைப் பிடித்தார். 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் நம் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அரியாங்குப்பத்தில் மல்லுக்கட்டி, முடியாமல் மழைக்காலம் பிறக்கும்போது திரும்பினார். துய்ப்ளேக்ஸின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை ஊருக்குள் இருந்துகொண்டு அந்த நாட்களைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதே 1748-இல் ஐரோப்பாவில் சமாதானம். மறு வருஷம் சென்னையை ஆங்கிலேயருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாத ஒரு ராஜாவின் காகிதத்துக்கு அரியாங்குப்பத்துக்காரன் என்ன பாவம் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் அனுமதி என்ற பொருள் தெரியாததல்ல. 1791 அரசியல் சட்டத்தில் அரசர் ஒரு மசோதாவை ஏற்பதற்கு 'ஸாங்க்சியோன்' என்றுதான் பெயர். பதினாறாம் லூயி அதைத் தர மறுத்தே 'வீட்டோ துரை' என்று பட்டம் வாங்கினார். எங்கள் வாத்தியார் இதை நடத்தினாரா, நான் தூங்கிவிட்டேனா தெரியாது.

தடை என்ற பொருள் ஊரறியப் பரவியது 1935-இல். எத்தியோப்பியாவைத் தாக்கிய இத்தாலி மீது சர்வதேச சங்கம் வர்த்தகத் தடை விதித்தது. எண்ணெயை மட்டும் தடையில் சேர்க்காமல் விட்டார்கள். முசோலினியின் லாரிகள் நிற்காமல் ஓடின. மறு வருஷமே தடையும் போயிற்று. நாமும் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். 1946-இல் இனவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்தியது இந்தியா. 1998-இல் பொக்ரான் சோதனைக்காக அமெரிக்காவிடம் தடை வாங்கியதும் இந்தியாதான்.

கச்சேரித் தமிழ் இந்த வம்பே வேண்டாமென்று சொற்களைப் பிரித்துக்கொண்டது. பணத்துக்கு ஒப்பளிப்பு, நாட்டுக்குப் பொருளாதாரத் தடை, வழக்குக்கு இசைவு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பொருளும் மறுபடி கைகோத்துக்கொள்வதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். லஞ்ச வழக்கில் அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க, 1988 ஊழல் தடுப்புச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி மேலிடத்து சாங்ஷன் வேண்டும். தண்டிக்கப் போவதற்கு ஓர் அனுமதி! அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்த அன்றும் அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

அவர் கல்யாண லீவு முடிந்து வந்ததும், பணம் வாங்காமல் கிடக்கிறதே என்று காசாளர் ஆளனுப்பினார். அபராதம் கட்டச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கைகட்டிக்கொண்டு வந்து நின்றார். மேலதிகாரியைக் கேட்காமல் மனுப் போட்டதற்குத் தண்டனை, கேட்ட தொகையையே அபராதமாகப் போட்டுவிட்டார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, போதாததற்கு வட்டிக்கும் வாங்கிக் கல்யாணத்தை முடித்திருந்தார். பதினைந்து நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தபோது, இது யார் பணம் என்று இரண்டு முறை கேட்டார்.

நான்தான் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய், பிரெஞ்சிலும் தமிழிலுமாக விளக்கினேன். எனக்கு முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நோட்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டே, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு அடகுக்கடை மூடிவிடப் போகிறதென்று வேகமாகப் படியிறங்கிப் போனார்.