ஐக்கிய நாணயச் சங்கங்களும் நிலமற்ற உழவரும்

உழவர்க்குக் கடன் வழங்கும் வங்கிகளை நிறுவ இயலுமா என ஆராயும் பணியைச் சென்னை மாகாண அரசு 1892இல் பிரெடரிக் நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை முன்னரே தொகுத்திருந்த அவ்வதிகாரி, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய சிற்றூர்ச் சங்கமே அவர் பரிந்துரைத்த முன்மாதிரி.

அம்முறையின் உயிர்நாடி அடமானம் அன்று, அறிமுகம். ஓரூரார் ஒன்றுகூடிக் கடன் பெறுவர். ஒருவர் தவறினால் ஏனையோர் தம் உடைமை முழுவதையும் கொண்டு பொறுப்பேற்பர். ஆதலின், கடன் கேட்பவர் விதைக்குக் கேட்கிறாரா, திருமணச் செலவுக்குக் கேட்கிறாரா என்பதை அண்டைவீட்டாரே கண்காணிப்பர் என எதிர்பார்க்கப்பட்டது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஊரகச் சங்கங்களுக்கு இவ்வரம்பற்ற பொறுப்பையே பொது விதியாக்கியது. உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராயிருத்தல் வேண்டும் என்றது. அவ்வாண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் ஒன்று பதிவாயிற்று.

இச்சங்கங்கள் தமிழில் 'ஐக்கிய நாணயச் சங்கம்' எனப்பட்டன. காசையும் நேர்மையையும் ஒருசேரச் சுட்டும் 'நாணயம்' என்னும் சொல், சட்டத்தின் ஆங்கிலப் பெயரினும் பொருத்தமானது. எனினும், எவருடைய நாணயம் ஊரில் செல்லுபடியாகும் என்ற வினாவை அது தீர்க்கவில்லை. பொறுப்பு வரம்பற்றதாயின், இழக்க நிலமுடையவர் நிலமற்றவரைச் சேர்க்கத் தயங்குவது இயல்பே. வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவரும் பண்ணையாளும் ஊராரால் நன்கு அறியப்பட்டவர்கள். ஆயினும் அவ்வறிமுகம் அவர்களுக்குக் கடனாக மாறவில்லை. ஏழைக்கெனக் கொணரப்பட்ட விதியே ஏழையை வாயிலில் நிறுத்தியது எனல் மிகையன்று.

1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு இதன் அளவைக் காட்டிற்று. உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. வட்டிக்கு விடுவோரின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. அச்சிறு பங்கிலும் பெருநில உழவரே மிகுதியும் பயனடைந்தனர்.

1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, அறிமுகமே பிணை என்னும் பழைய கோட்பாடு மீண்டது. ஒரு மாற்றம் மட்டும் நிகழ்ந்தது: கறவை மாட்டுக்கோ ஆட்டுக்கோ கடன் நாடிய பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்து அவரது நாணயத்தை அளந்தவர் நிலக்கிழார் அல்லர், அவரைப் போன்றே நிலமற்ற இன்னொரு பெண்.