திண்ணைப் பள்ளியும் அரும்பு, மொட்டு, மலரும்

என் தங்கை மகள் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இந்தப் பருவத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன நடத்துகிறாய் என்று கேட்டேன்.

"எழுத்து, சின்னச் சின்ன சொல், கூட்டல், கழித்தல், கதை, பாட்டு. எல்லாம் எப்பவும் உள்ளதுதான் மாமா. ஆனா எந்த வகுப்புக்கு எதுன்னு கேட்டா சொல்ல முடியாது. மூணாவது படிக்கிற பிள்ளையும் ஒண்ணாவது பிள்ளையும் ஒரே வரிசையில உட்கார்ந்திருக்கும்" என்றாள்.

இதற்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் என்று பெயர். 2022-இல் தமிழக அரசு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. காரணம் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. 'அ' எழுதத் தெரியாத பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் நடத்தி என்ன பயன்? ஆகவே வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்தார்கள்.

இதைப் புதுமை என்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இது பழைய கதை. நம் பாட்டனார் படித்த திண்ணைப் பள்ளியில் வகுப்பு ஏது? ஒரே வாத்தியார். விஜயதசமியன்று சேர்ந்த பிள்ளை விரலால் மணலில் எழுதும். அது தேறிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்குப் போவான். அதில் கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை மனப்பாடம். முந்தியவனுக்குக் காத்திருப்பு இல்லை. பிந்தியவனுக்கு அவசரம் இல்லை. வாத்தியார் ஒருவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மற்றவர்களைச் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான்.

இந்த முறை கப்பலேறிப் போனதுதான் வேடிக்கை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை மேற்பார்த்தார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவனை இளையவனுக்குக் கற்பிக்க வைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-இல் நிறுவப்பட்ட பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர்.

பிரான்சும் இதை எடுத்துக்கொண்டது. 1815-இல், நெப்போலியன் திரும்பி வந்து ஆண்ட அந்த நூறு நாட்களில், உள்துறை அமைச்சராக இருந்த கார்னோ இம்முறைக்கு ஆதரவளித்தார். ஆனால் அது அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரே பாடத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆசிரியரே நடத்தும் முறை வென்றது. 1881, 1882-இல் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியபோது, இந்த வகுப்பு முறையே எங்கும் வேரூன்றிவிட்டது.

புதுச்சேரியில் நான் படித்தது அந்த முறையில்தான். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிய பிறகும் பிரெஞ்சு வழிக் கல்வி தொடர்ந்தது. கூர் பிரெபரத்துவார், கூர் எலெமாந்தேர், கூர் முவாயேன் என்று வகுப்புகள். எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே திக்தே. ஐந்து பிழை வந்தால் சைபர். பின்தங்கியவன் அடுத்த ஆண்டும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். தம்பி வயதுப் பையன்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். எனக்குக் கிடைத்த கல்வியை நான் குறை சொல்ல மாட்டேன். அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் அந்தப் பெஞ்சிலிருந்தே படிப்பை விட்டவர்கள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு அறிவு குறைவில்லை. ஆறு மாதம் கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவே.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று கொண்டாடவும் மனம் வரவில்லை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. பாடம் சொல்லும் வழி நன்றாக இருந்தது, வாசல்தான் குறுகல்.

ஜூல் ஃபெரியின் பள்ளி வாசலை அகலத் திறந்தது. ஆனால் உள்ளே எல்லோரையும் ஒரே வேகத்தில் நடக்கச் சொன்னது. இரண்டிலும் உள்ள நல்லதைச் சேர்த்துப் பார்க்கும் முயற்சியாகவே எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் பார்க்கிறேன். பெண் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் இன்று உரிமையோடு வந்து உட்காருகிறார்கள். அவரவர் நடைக்கு ஏற்பப் பாடம் நடக்கிறது.

ஒரு கவலை மட்டும் உண்டு. அரும்பில் இருக்கும் பிள்ளையை மொட்டுக்கு நகர்த்த ஆள் வேண்டும். மூன்று வகுப்பையும் ஒரே ஆசிரியை பார்த்துக்கொண்டு, பதிவேடும் எழுதினால், அரும்பு அரும்பாகவே நின்றுவிடும். திண்ணை வாத்தியாருக்காவது ஒரு சட்டாம்பிள்ளை இருந்தான்.