அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை

இந்தியாவில் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் கடைத்தெருவை வென்ற வேகத்தில் கடைசல் பட்டறையை வெல்லவில்லை. 1957 ஏப்ரலில் நயா பைசாவும், 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோகிராம் எடைக்கற்களும் புழக்கத்துக்கு வந்தன. சேரும் வீசையும் சில ஆண்டுகளிலேயே ஒதுங்கின. ஆனால் லேத்தின் முன்பக்கத்தில் நீளவாக்கில் கிடந்து, வெட்டுளியைச் சீரான வேகத்தில் நகர்த்திச் செல்லும் நெடுந்திருகான லீட் ஸ்க்ரூ, எந்த அளவையில் கடையப்பட்டதோ அந்த அளவையிலேயே ஆயுள் முழுதும் ஓடும். அதை மாற்றுவது எந்திரத்தையே மாற்றுவதற்குச் சமம். அந்த வசதி பெரும்பாலான பட்டறைகளுக்கு இருக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டி வட்டாரத்துக்கு அங்குலம் ஆலைகளின் வழியே வந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற நூற்பாலைகள் எழுந்த காலத்தில், இந்திய ஆலைகளின் எந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து இறக்குமதியானவை. அவற்றின் போல்ட்டுகளும் நட்டுகளும் விட்வொர்த் மரை கொண்டவை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841இல் முன்வைத்த அந்தத் தரத்தில் மரையின் கோணம் 55 பாகை, அதன் நெருக்கம் அங்குலத்துக்கு இத்தனை புரி என்று எண்ணப்படுவது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ‘நூல்’ என்று சொல்லி, மூன்று நூல் கம்பி, நான்கு நூல் போல்ட் என்று கேட்டு வாங்கும் வழக்கம் தமிழகத்து இரும்புக் கடைகளில் இன்றும் மறையவில்லை.

ஆலைகளைச் சார்ந்த ஊர்ப் பட்டறைகள், மரை வேலை தேவைப்படும் துப்பாக்கிக் குழலைக் கடையாததற்குக் காரணம் கைத்திறனின் குறைவு என்பதைவிடச் சட்டம் என்பதே பொருந்தும். சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் எனப் பாளையங்கள் நெருங்கியிருந்த மலையடிவாரம் இது. பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆயுதங்களை ஒப்படைக்குமாறு அறிக்கை விட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கதவைத் திறந்துவிடவில்லை. ஆகவே ரைஃபிள் குழலுக்கு மரை வெட்டும் வேலை அரசின் தொழிற்சாலைகளுக்குள் நடந்தது. ஆனால் அங்கு லேத் ஓட்டும் டர்னரை வாட்டிய அங்குல-மில்லிமீட்டர் கணக்கும், நூற்பாலைப் பட்டறையின் டர்னரை வாட்டிய கணக்கும் ஒன்றேதான்.

குழலின் பின்முனையில் மரை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பானிய வரலாறு பழைய சான்று தருகிறது. 1543இல் போர்ச்சுகீசியர் தனேகாஷிமா தீவில் இறங்கியபோது, அவர்களிடம் வாங்கிய துப்பாக்கியைப் பார்த்துச் செய்ய முனைந்த உள்ளூர்க் கொல்லரால் குழலை வார்த்தெடுக்காமல் அடித்துச் செய்ய முடிந்தது; அதன் பின்வாயை அடைக்கும் திருகையும், அது போய் உட்காரும் உள்மரையையும் செய்யும் வழிதான் பிடிபடவில்லை என்றும், மறுபடி வந்த கப்பலில் இருந்தவரிடம் அதைக் கற்றுக்கொண்டார் என்றும் அத்தீவின் மரபு சொல்கிறது. கற்றுக்கொள்ள அவர் தம் மகளையே மணமுடித்துக் கொடுத்ததாக வரும் பகுதி கதையாக இருக்கலாம். மரையின் விலை எவ்வளவு உயர்வாக மதிக்கப்பட்டது என்பதை அக்கதை மறைக்கவில்லை.

பின்வாய் வழியே தோட்டா இடும் ரைஃபிள்களில் அந்த மரை குழலின் வெளிப்புறத்துக்கு மாறியது. ரிசீவர் எனப்படும் துப்பாக்கியின் உடற்பகுதிக்குள் குழல் திருகப்பட்டு, குழலின் ‘தோள்’, அதாவது மரை முடிந்து விட்டம் பெருகும் விளிம்பு, ரிசீவரின் முகத்தில் அழுந்தி நிற்கும். 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா வெடிக்கும்போது வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூவாயிரம் மடங்குக்கு மேல் எழும் அழுத்தத்தை அடைத்து வைக்கும் பகுதியில் இந்த இணைப்பும் அடங்கும். குறிபார்க்கும் முனை மேல்நோக்கி நேராக நிற்கும் இடத்தில்தான் தோளும் இறுக வேண்டும் என்பது இன்னொரு நெருக்கடி. 1.5 மி.மீ. பிட்ச், அதாவது அடுத்தடுத்த புரிகளுக்கிடையே அந்தத் தொலைவு, கொண்ட மரையில் ஒரு பாகை திருகினால் குழல் நகர்வது 0.004 மி.மீ. அளவே.

ஒருமுறை தேர்ந்த மரையை ஆயுதத் தொழில் எளிதில் கைவிடுவதில்லை. மெட்ரிக் நாடான ஜெர்மனியின் மௌசர் 98 ரைஃபிளிலேயே குழல் மரை அங்குலத்துக்கு 12 புரி, 55 பாகை என்று விட்வொர்த் சாயலில் அமைந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வங்காளத்தின் இஷாப்பூரில் 1904இல் தொடங்கிய ரைஃபிள் தொழிற்சாலை .303 லீ என்ஃபீல்டுகளைச் செய்த அரை நூற்றாண்டு முழுதும் அங்குலத்திலேயே கழிந்தது. பிறகு பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் மில்லிமீட்டரில் வரைந்த எஃப்ஏஎல் ரைஃபிளை பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் அங்குலத்துக்கு மாற்றி வரைந்துகொண்டதால், ஒரே துப்பாக்கிக்கு இரண்டு குடும்பங்கள் உண்டாயின. அங்குலக் குடும்பம் குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே தடிமன் வேறுபட்ட வாஷர்களை இட்டுக் குழல் நிற்கும் கோணத்தைச் சரிசெய்தது. பெல்ஜியக் குடும்பம் அந்த வாஷர் இன்றித் தோளையே அளவாகக் கடைந்தது. இஷாப்பூர் 1960களில் செய்யத் தொடங்கிய 1ஏ என்ற இந்திய எஸ்எல்ஆர் (தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்), இரு குடும்பங்களின் கூறுகளையும் கலந்து, இரண்டின் உதிரிகளோடும் முழுமையாகப் பொருந்தாத மூன்றாவது ஒன்றாக உருவெடுத்தது. சட்டம் மெட்ரிக்கை ஆணையிட்ட நாட்டில், படைவீரரின் கையிலிருந்த கருவி இப்படி இரண்டுக்கும் நடுவில் நின்றது சற்றே வேடிக்கைதான்.

டர்னரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹென்றி மாட்ஸ்லி 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் செம்மைப்படுத்திய மரை வெட்டும் லேத்தில், சுழலும் வேலைப்பொருளுக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் இடையே பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் பூட்டி, வேண்டிய பிட்சைப் பெறலாம். அங்குலத்துக்கு 4 புரி கொண்ட லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 6.35 மி.மீ. நகர்த்தும், அதைக்கொண்டு 1.5 மி.மீ. மரை வெட்ட வேண்டுமானால் விகிதம் 30க்கு 127 என்று வருகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. 127 பகா எண் என்பதால் அதைச் சிறிய சக்கரங்களாகப் பிரிக்க வழியில்லை. எனவே 127 பல் கொண்ட பெரிய சக்கரம் ஒன்றைத் தனியே வைத்திருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் 63 பல் சக்கரத்தைக்கொண்டு ஈடுகட்டினார்கள்: 160ஐ 63ஆல் வகுத்தால் கிடைப்பது 2.54க்கு எட்டாயிரத்தில் ஒரு பங்கே குறைவு. ஓர் அங்குல நீளமுள்ள குழல் மரையில் அந்தப் பிழை 0.003 மி.மீ.; ஒரு மீட்டர் நீளத் திருகிலோ அது 0.125 மி.மீ. ஆகிவிடும். சக்கரமே மாற்றாமல் அங்குலத்துக்கு 16 புரியை 1.5 மி.மீ. என்று பாவித்தால், நட் இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏறி, அதற்குமேல் இறுகிக்கொள்ளும்.

சரியான சக்கரம் பூட்டிய பிறகும் ஒரு தொல்லை மிஞ்சும். லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் திறந்து, த்ரெட் டயல் என்ற வட்ட முகப்பைப் பார்த்து மீண்டும் கவ்வவிடுவது அங்குல மரையில் எளிது. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது அந்த முகப்பின் கோடுகள் பயன்படுவதில்லை. ஆகவே ஹாஃப் நட்டைத் திறக்காமலே உளியை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோளை நெருங்கும்போது அரைச் சுற்று தாமதித்தாலும் உளி முனை முறியும் என்பதால், சிலர் உளியைத் தலைகீழாகப் பிடித்து, சுழற்சியைப் புரட்டி, தோளிலிருந்து வெளிநோக்கி வெட்டினார்கள்.

சீனப் போருக்குப் பின் விரிவடைந்த ஆயுத உற்பத்தியில் தமிழகத்தின் பங்காக 1966இல் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. 2021 அக்டோபரில் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்டபோது அது ஏடபிள்யூஇஐஎல் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. அங்கு உருவான திருச்சி அசால்ட் ரைஃபிள் ஏகே வகையைத் தழுவியது. ரஷ்யாவின் ஏகேஎம் வடிவில் குழல் திருகப்படுவதே இல்லை. முன்பகுதி இரும்புக் கட்டைக்குள் அழுத்திச் செலுத்தப்பட்டு, குறுக்கே ஓர் ஊசியால் பூட்டப்படுகிறது. அவ்வடிவில் குழல் வாய்முனையில் மட்டும் மரை உண்டு: 14 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், இடம்புரி. கணினி கட்டுப்படுத்தும் இன்றைய சிஎன்சி லேத்தில் அதை வெட்ட 127 பல் சக்கரம் வேண்டியதில்லை. நிரலில் ஜி21 என்று எழுதினால் மில்லிமீட்டர், ஜி20 என்று எழுதினால் அங்குலம்.